ஊசிக்குப் பின் வரும் காய்ச்சல்

"ஹடப்சர் எங்கே இருக்கிறது?" என்று ஊரில் யாரேனும் கேட்டால், "உங்கள் தோளில் போட்ட ஊசி மருந்து புறப்பட்ட ஊர்" என்று விடை சொல்வது எங்கள் அறை நண்பர்களின் வழக்கம். இது வெறும் வேடிக்கைப் பேச்சன்று. 1966 ஆம் ஆண்டு சைரஸ் பூனாவாலா தொடங்கிய சீரம் இன்ஸ்டிடியூட் என்னும் நிறுவனம் இங்கேதான் இருக்கிறது. ஆண்டுதோறும் ஆக்கித் தரும் தடுப்பு மருந்துகளின் எண்ணிக்கையால் உலகில் முதலிடம் பெற்றது அது. 2021 ஜனவரி 12 ஆம் நாள், பொழுது புலருமுன், குளிரூட்டிய மூன்று சரக்கு வண்டிகள் அங்கிருந்து புனே விமான நிலையம் நோக்கிப் புறப்பட்டன. அவை சுமந்து சென்ற கோவிஷீல்டு மருந்தில் ஒரு பகுதி அன்றே சென்னையில் இறங்கியது. கொரோனாவுக்கு எதிராக நம் நாட்டில் போடப்பட்ட 220 கோடி ஊசிகளில் ஏறத்தாழ 175 கோடி இந்தக் கோவிஷீல்டே.

இவ்வூருக்கு இதனினும் பழைய வரலாறு ஒன்று உண்டு. 1897 இல் புனேயைப் பிளேக் நோய் பிடித்தாட்டியது. 2014 முதல் நம் பல்கலைக் கழகம் யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்தச் சாவித்திரிபாய் புலே, மருத்துவரான தம் வளர்ப்பு மகன் யசுவந்துடன் ஹடப்சர்ப் பக்கத்தில் நோயாளிகளுக்கு மருத்துவமனை நடத்தினார். நோயுற்ற சிறுவன் ஒருவனைத் தாமே சுமந்து வந்து சேர்த்தார். நோய் அவரையும் தொற்றியது. மார்ச்சு 10 ஆம் நாள் மறைந்தார். அதே ஆண்டு ஜனவரி 10 ஆம் நாள்தான் பம்பாயில் வால்டெமார் ஹாஃப்கின் என்ற அறிஞர், தாம் ஆக்கிய பிளேக் தடுப்பு மருந்தைத் தம் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டு சோதித்தார். அவருக்குக் காய்ச்சல் அடித்தது. ஊசி ஏறிய இடம் வலித்தது. சில நாளில் தேறினார். தேறிய பின்னரே பிறருக்குப் போட முன்வந்தார்.

தாம் பட்ட காய்ச்சலை ஹாஃப்கின் மறைக்கவில்லை. நானோ ஒருமுறை மறைத்தேன். அந்தப் பிழையின் விளைவாகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

நான் செய்த பிழை

2021 ஏப்ரல் மாதம். நாற்பத்தைந்து வயது கடந்தவர்களுக்கெல்லாம் ஊசி போடத் தொடங்கிய நேரம். திருவாரூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் பெற்றோர், போட்டுக்கொள்ளலாமா என்று கைப்பேசியில் என்னைக் கேட்டார்கள். நான் அப்போது நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். "படிக்கிற பிள்ளை சொல்லட்டும்" என்று அவர்கள் எனக்காகவே காத்திருந்தார்கள். எனக்கோ அன்று தேர்வு. விரிவாகப் பேசப் பொழுதில்லை. "ஒன்றும் ஆகாது, போட்டுக்கொள்ளுங்கள்" என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டேன்.

சித்திரை முதல் நாளுக்கு மறுநாள் அப்பா ஊசி போட்டுக்கொண்டார். அன்றிரவு ஏழு மணிக்குக் குளிர் கண்டது. இரண்டு கம்பளி போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. காய்ச்சல் 102 பாகைக்கு ஏறியது. உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல் வலி. அம்மா விடிய விடிய விழித்திருந்தார். இரண்டாம் நாள் மாலைக்குள் அப்பா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். ஆனால் அதற்குள் என் சொல் செத்துவிட்டது. "ஒன்றும் ஆகாது என்றானே!" என்பதே அம்மாவின் நெஞ்சில் நின்றது. அடுத்த நாள் காலை, ஏப்ரல் 17, நடிகர் விவேக் மறைந்த செய்தி வந்தது. இரண்டு நாளுக்கு முன்புதான் அவர் சென்னையில் பலரறிய ஊசி போட்டுக்கொண்டிருந்தார். அம்மா முடிவு செய்துவிட்டார். நான் எத்தனை முறை பேசியும் அசையவில்லை.

மே மாதத்தில் நோய் எங்கள் தெருவுக்கு வந்தது. அம்மா ஒன்பது நாள் மருத்துவமனையில் மூச்சுக் காற்றுக் குழாயோடு கிடந்தார். அந்த ஒன்பது நாளும் நான் ஹடப்சர் அறையில், ஊருக்குப் போக வழியின்றி, கைப்பேசியைப் பார்த்தவாறே இருந்தேன். ஊசி போட்டிருந்தால் நோயே வந்திராது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆயினும் அதன் கடுமை குறைந்திருக்க வாய்ப்பிருந்தது. அந்த வாய்ப்பை அம்மாவிடமிருந்து பறித்ததில் என் அரைகுறைப் பேச்சுக்கும் பங்குண்டு. அன்று நான் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இனி எழுதப் போகிறேன்.

காய்ச்சல் எங்கிருந்து வருகிறது?

ஊசி மருந்தில் காய்ச்சல் இல்லை. காய்ச்சலை உண்டாக்குவது நம் உடம்பே. தோள் தசையில் மருந்து இறங்கியதும் அங்குள்ள காவல் அணுக்கள் அதை அயற்பொருள் என்று கண்டுகொள்கின்றன. உடனே சைட்டோகைன்கள் என்னும் செய்திப் பொருள்களைச் சுரக்கின்றன. அந்த இடத்துக்கு இரத்த ஓட்டம் மிகுகிறது, நீர் கசிகிறது, வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன. வீக்கமும், சூடும், சிவப்பும், தொட்டால் வலியும் இதனால் வருவனவே.

செய்திப் பொருள்களில் ஒரு பகுதி இரத்தத்தில் கலந்து உடல் முழுதும் செல்கிறது. அதன் விளைவாக மூளையில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உண்டாகிறது. மூளையின் அடிப்புறத்தில் ஹைபோதலாமஸ் என்ற சிறு பகுதி உண்டு. உடல் எத்தனை பாகைச் சூட்டில் இருக்க வேண்டும் என்று வரையறுப்பது அதுவே. புரோஸ்டாகிளாண்டின் அந்த வரம்பை உயர்த்திவிடுகிறது. 98 பாகையில் இருந்த உடம்புக்கு இனி 101 வேண்டும் என்று ஆணை பிறக்கிறது. ஆணை வந்த கணத்தில் உடம்பு 98 இலேயே இருப்பதால் நமக்குக் குளிர்கிறது. தசைகள் நடுங்கிச் சூட்டை உண்டாக்குகின்றன. காய்ச்சலுக்கு முன் குளிர் வருவதன் மருமம் இதுதான். என் தந்தையார் கம்பளிக்குள் நடுங்கியது நோயால் அன்று. தம் உடம்பின் ஆணையால்.

இவ்வளவும் முதற்கட்ட வேலை. சில மணி நேரத்தில் தொடங்கி, பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாளில் அடங்கிவிடும். இதற்கிடையே சில அணுக்கள் மருந்தின் அடையாளத்தை அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்கு எடுத்துச் செல்கின்றன. சிலருக்கு அக்குளில் நெறி கட்டுவது இதனால்தான். அங்கே எதிர்ப்பொருள் செய்யும் அணுக்கள் தேர்ந்து பெருகுகின்றன. இவ்வேலைக்கு ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். நமக்குப் பாதுகாப்பைத் தருவது இந்த இரண்டாங்கட்ட வேலையே.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். காய்ச்சல் வந்தவருக்குத்தான் ஊசி பிடித்தது, வராதவருக்குப் பிடிக்கவில்லை என்று நம் ஊரில் பேசிக்கொள்வது தவறு. காய்ச்சல் முதற்கட்டத்தின் ஓசை மட்டுமே. ஓசையின்றியும் வேலை நடக்கும்.

ஊசிக்கு ஊசி வேறுபடும்

எல்லா ஊசிக்கும் ஒரே வகைப் பின்விளைவு என்று எண்ணலாகாது. டெட்டனஸ் ஊசியில் அலுமினிய உப்பு சேர்த்திருக்கிறார்கள். அது மருந்தைத் தசையில் தங்கவைத்துக் காவல் அணுக்களைத் தூண்டும். ஆதலால் கைவலி இரண்டு மூன்று நாள் நிற்கும். காய்ச்சல் வருவது குறைவு. குழந்தைகளுக்கு இடும் முத்தடுப்பு ஊசியில் கக்குவான் இருமல் கிருமி முழுமையாகவே, கொல்லப்பட்ட நிலையில், இருக்கும். ஆகையால் அன்றிரவே காய்ச்சல் அடிக்கும். பாதிக் குழந்தைகளுக்கு வரை இது வரலாம்.

தட்டம்மை ஊசி இவற்றினின்றும் மாறுபட்டது. அதில் வலுக் குறைத்த உயிருள்ள வைரஸ் இருக்கிறது. அது உடம்பில் பெருகச் சில நாள் வேண்டும். எனவே காய்ச்சல் அன்றிரவு வராமல் ஏழு முதல் பன்னிரண்டாம் நாளுக்குள் வரும். சிலருக்கு மெல்லிய தடிப்பும் தோன்றும். காசநோய்க்குரிய பி.சி.ஜி. ஊசியோ இரண்டு மூன்று வாரம் கழித்துச் சிறு கொப்புளமாகி, உடைந்து, ஆறி, வாழ்நாள் முழுதும் தோளில் தழும்பாய் நிற்கும். நம் தாத்தா பாட்டியர் கையில் காணும் அம்மை குத்திய தழும்பும் இத்தகைய பின்விளைவே. அந்தத் தழும்பை யாரும் குறையாகக் கருதவில்லை. 1975 க்குப் பின் இந்தியாவில் பெரியம்மை ஒருவருக்கும் வராமற்போனதற்கு அது சாட்சி.

கோவிஷீல்டு, தானே பெருக இயலாதவாறு மாற்றிய குரங்கு அடினோவைரஸ் ஒன்றின் மூலம் கொரோனாவின் முள்ளுப் புரதத்துக்குரிய குறிப்பை உடம்புக்குள் அனுப்பும் மருந்து. பெரும் ஆய்வுகளில் அதைப் போட்டுக்கொண்டவர்களில் நூற்றுக்கு 60 பேருக்கு மேல் ஊசி இட்ட இடத்தில் தொட்டால் வலி இருந்தது. தலைவலியும் களைப்பும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு. தசை வலி 44 பேருக்கு. காய்ச்சல் போன்ற உணர்வு மூன்றில் ஒருவருக்கு. வெப்பமானியில் 100.4 பாகைக்கு மேல் ஏறிய காய்ச்சல் நூற்றுக்கு 8 பேருக்கு. முதல் ஊசியைவிட இரண்டாவதில் இவை குறைந்தன. இளைஞரைவிட முதியோரிடம் குறைந்தன. இந்த எண்களை அன்று நான் அறிந்திருந்தேன். அறிந்திருந்தும் "ஒன்றும் ஆகாது" என்றேன். நூற்றுக்கு அறுபது பேருக்கு ஆவதை ஒன்றும் ஆகாதென்று சொல்லலாமா?

உப்புநீர் ஊசியும் தலைவலி தரும்

இங்கே மாணவர்கள் ஆழ்ந்து எண்ண வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஊசி மருந்தைச் சோதிக்கும்போது ஒரு சாராருக்கு மருந்தும், மற்றொரு சாராருக்கு மருந்தில்லாத வெற்று ஊசியும் போடுவர். யாருக்கு எது என்பது அவர்களுக்குத் தெரியாது. கொரோனா ஊசிகளின் இத்தகைய 12 ஆய்வுகளைத் தொகுத்து 2022 இல் ஒரு கணக்கு வெளியாயிற்று. வெற்று ஊசி போட்டவர்களிலும் நூற்றுக்கு 35 பேர் முதல் ஊசிக்குப் பின் தலைவலி, களைப்பு போன்றவற்றைச் சொல்லியிருந்தனர். அஞ்சி எதிர்பார்த்ததும், அன்றாடம் வந்து போகும் தலைவலியை அன்று மட்டும் கூர்ந்து கவனித்ததும் காரணங்கள்.

"அப்படியானால் பின்விளைவை முன்கூட்டிச் சொல்வதே தீங்கன்றோ? சொல்லாமல் விட்டால் பாதி வலி குறையுமே" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் 102 பாகை காய்ச்சல் கற்பனையன்று. சொல்லாமல் விட்டாலும் அது வரும். சொல்லாதிருந்தபோது வந்தால், காய்ச்சலோடு ஐயமும் வரும். வருவதைச் சொல்லி, எப்போது வரும், எப்போது போகும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் அச்சத்துக்கு எல்லை கட்டியவர்களாவோம். எல்லை தெரிந்த துன்பத்தை மனிதர் பொறுப்பர்.

அரிய கேடுகள்

காய்ச்சலும் கைவலியும் மட்டுமே உண்டு என்று இத்தோடு நிறுத்தினால் மீண்டும் அரை உண்மை சொன்னவனாவேன். மிக அரிதாகக் கடும் ஒவ்வாமை நேர்வதுண்டு. பொதுவாக ஊசிகள் பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ ஒருவருக்கு. பெரும்பாலும் சில நிமிடங்களில், அரை மணிக்குள், மூச்சுத் திணறலும் தடிப்பும் முக வீக்கமும் வரும். அட்ரினலின் ஊசியை உடனே தொடையில் போட்டால் உயிர் தப்பும். ஊசி போட்டவரை அரை மணி நேரம் உட்கார்த்தி வைப்பது இதற்காகவே. 2021 மார்ச்சில் ஊசி போட்டுக்கொண்ட 68 வயது முதியவர் ஒருவர் இத்தகைய ஒவ்வாமையால் இறந்ததைத் தேசியக் குழு ஆராய்ந்து, ஊசியே காரணம் என்று ஒப்புக்கொண்டது.

கோவிஷீல்டு வகை மருந்தில் மற்றொன்றும் கண்டறியப்பட்டது. இரத்தத் தட்டணுக்கள் குறைந்து, அதே வேளையில் இரத்தமும் உறையும் விந்தையான நோய் அது. பிரிட்டனில் முதல் ஊசி போட்ட பத்து இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 15 பேர் என்ற அளவில் அது பதிவாயிற்று. இளையோரிடம் மிகுதியாகக் கண்டதால், 2021 ஏப்ரலில் முப்பது வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அந்நாடு வேறு ஊசியைத் தந்தது. நம் நாட்டில் 2021 மே மாதம் வெளியான அறிக்கை பத்து இலட்சம் ஊசிக்கு 0.61 என்றது. பதிவு செய்யும் ஒழுங்கு தளர்ந்தாலும் எண் குறையும் என்பதையும் நாம் மறக்கலாகாது. அந்த மருந்தைச் செய்வதைச் சீரம் நிறுவனம் 2021 டிசம்பரிலேயே நிறுத்திவிட்டது.

பின்னால் வந்ததெல்லாம் ஊசியால் வந்ததா?

ஊசிக்குப் பின் நேர்வன அனைத்தும் ஊசியால் நேர்வன அல்ல. விவேக் அவர்களின் மறைவை ஆராய்ந்த தேசியக் குழு, அது ஊசியோடு தொடர்பற்ற, தற்செயலாக நேர்ந்த மாரடைப்பு என்று முடிவு செய்தது. ஒரு நாளில் இலட்சக் கணக்கானோருக்கு ஊசி போட்டால், அவர்களுள் சிலருக்கு அந்த வாரத்தில் மாரடைப்பு எப்படியும் வரும். ஊசி போடாதோர் கூட்டத்தில் வருவதைவிட அது மிகுதியா என்று பார்ப்பதே அறிவியலின் வழி. இரத்தம் உறைதலை ஊசியின் விளைவென்று கண்டுபிடித்ததும் இதே வழியில்தான். ஆனால் அந்த முடிவு வெளியாகச் சில மாதங்கள் ஆயின. அச்சமோ ஒரே காலையில் ஊர் முழுதும் பரவிவிட்டது.

மருந்தின் குறையன்றி, போடும் முறையின் பிழையாலும் கேடு வரலாம். 1902 இல் பஞ்சாபின் மல்கோவால் என்னும் சிற்றூரில் ஹாஃப்கினின் பிளேக் ஊசி போட்டுக்கொண்டவர்களுள் 19 பேர் டெட்டனஸ் என்னும் இசிவு நோயால் மாண்டனர். பழி ஹாஃப்கின் மேல் விழுந்தது, பதவி போயிற்று. அத்தனை பேருக்கும் ஒரே புட்டியிலிருந்துதான் மருந்து எடுத்திருந்தார்கள். அதைத் திறக்கும்போது கீழே விழுந்த இடுக்கியைச் சரிவரத் தூய்மை செய்யாமல் கையாண்டதே காரணம் என்ற கருத்து வலுப்பெற்று, 1907 இல்தான் அவர் மேலிருந்த பழி நீங்கியது.

செய்ய வேண்டுவன

நாய் கடித்தாலும், அடிபட்டாலும், வெளிநாடு போனாலும் நாம் இனியும் ஊசி போட்டுக்கொள்ளத்தான் போகிறோம். மாணவியர் பலர் சீரம் நிறுவனத்தின் செர்வாவாக் என்னும் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பு ஊசியையும் போட்டுக்கொள்ள எண்ணியிருப்பார்கள். ஆகவே சில குறிப்புகள்.

வெறும் வயிற்றோடு செல்ல வேண்டா. ஊசியைக் கண்டு மயங்கும் இயல்புள்ளவர்கள் அதை முன்னரே சொல்லிவிட்டுப் படுத்த நிலையில் போட்டுக்கொள்ளலாம்; இளைஞரிடையே இது மிகச் சாதாரணம். முன்பு எந்த மருந்துக்காவது ஒவ்வாமை கண்டிருந்தால் மறைக்கலாகாது. போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். கையைத் தொங்கப் போட்டு வைத்திராமல் அசைத்து வேலை செய்தால் வலி விரைவில் குறையும். நிறைய நீரும் கஞ்சியும் பருகுக. காய்ச்சலும் வலியும் வாட்டினால் பாரசிட்டமால் உரிய அளவில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வருமுன்னே காப்பாக விழுங்க வேண்டா. அவ்வாறு முன்கூட்டிக் கொடுத்த குழந்தைகளிடம் எதிர்ப்பொருள் குறைந்ததாக 2009 இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நின்றாலும், ஊசி இட்ட இடம் நாளுக்கு நாள் பெருத்தாலும் மருத்துவரிடம் செல்ல வேண்டும். மூச்சுத் திணறல், மார்பு வலி, கால் வீக்கம், தணியாத தலைவலி அல்லது வயிற்று வலி, பார்வை மங்கல், தோலில் சிறு செம்புள்ளிகள் ஆகியவற்றில் எது வந்தாலும், அது ஊசி போட்டு இரண்டு மூன்று வாரம் கழித்தாயினும், ஒரு நொடியும் தாழ்க்கலாகாது. ஊசி போட்ட நாளையும் மருந்தின் பெயரையும் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். உங்கள் பதிவு மற்றவர்க்குக் காவல்.

முடிவாக

நோயிலிருந்து தேறி மூன்று மாதம் கழித்து, செப்டம்பரில், அம்மா ஊசிக்கு இணங்கினார். இம்முறை நான் ஒரு மணி நேரம் பேசினேன். "அம்மா, மாலை ஆறு ஏழு மணிக்குக் குளிர் வரலாம். இரவு காய்ச்சல் அடிக்கலாம். மறுநாள் முழுதும் உடம்பு வலிக்கலாம். மூன்றாம் நாள் சரியாகிவிடும். ஆகாவிட்டால், அல்லது மூச்சு வாங்கினால், உடனே அப்பாவை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்" என்று ஒன்றையும் விடாமல் சொன்னேன். அம்மா காலையிலேயே கஞ்சிக்கு நொய் உடைத்து வைத்துவிட்டுப் போனாராம். அன்றிரவு அவரே கைப்பேசியில் அழைத்தார். "நீ சொன்ன நேரத்துக்குக் குளிர் வந்துடுச்சு தம்பி" என்றார். அந்தக் குரலில் அச்சமில்லை.

நண்பர்களே! நம்முள் பெரும்பாலோர் வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக் கழகம் கண்டவர்கள். ஊரில் யாருக்கு மருந்தைப் பற்றி ஐயம் வந்தாலும் நம்மைத்தான் கேட்பார்கள். கேட்பவர் படிக்காதவர் என்பதற்காக விடையைச் சுருக்கிவிட வேண்டா. முழு உண்மையைத் தாங்கும் வலிமை அவர்களுக்கு உண்டு. "ஒன்றும் ஆகாது" என்று சொல்லாதீர்கள். என்ன ஆகும், எத்தனை நாளில் போகும், எப்போது அஞ்ச வேண்டும் என்ற மூன்றையும் பொறுமையாகச் சொல்லுங்கள்.